இமயமலை உயர ஏரிகளுக்கு மலையேற்றம்: திரும்பும் வழி ஏன் முக்கியம்? – ஒரு விளக்கம்

புது தில்லி: பனி உருகத் தொடங்கும் மே மாத இறுதி முதல் மீண்டும் பனி படியும் அக்டோபர் வரை, நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் முதுகுப்பை சுமந்து இமயமலையின் உயர ஏரிகளை நோக்கி நடக்கின்றனர். காஷ்மீரின் கங்காபல், இமாசலப் பிரதேசத்தின் சந்திரதால், உத்தராகண்டின் கேதார்தால், சகஸ்திரதால் ஆகியவை அவற்றுள் சில. சிகரம் ஏறுவோருக்குத் தேவையான கயிறும் பனிக்கோடரியும் இந்தப் பாதைகள் பெரும்பாலானவற்றில் தேவைப்படுவதில்லை. அதனாலேயே இவை எளிய பயணங்கள் என்ற எண்ணம் பரவியுள்ளது.

அந்த எண்ணம் முழுவதும் சரியன்று என்பதை 2024-ஆம் ஆண்டு ஜூன் மாதம் சகஸ்திரதால் பாதையில் 9 பேர் உயிரிழந்த நிகழ்வு உணர்த்தியது. உயர ஏரிப் பயணத்தின் ஆபத்து ஏரியைச் சென்றடைவதில் இருப்பதைவிட, உடல்நிலையோ வானிலையோ மாறும்போது அங்கிருந்து எவ்வளவு விரைவாகக் கீழே இறங்க முடியும் என்பதில்தான் பெரிதும் உள்ளது. இந்த ஏரிகள் எங்கே, எப்படி அமைந்துள்ளன, அந்த உயரம் உடலை எவ்வாறு பாதிக்கிறது, மீட்புப் பணிக்கு உள்ள வரம்புகள் யாவை, முகாம்களுக்கு நீதிமன்றம் தடை விதித்தது ஏன் ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

சகஸ்திரதாலில் நடந்தது என்ன?

உத்தராகண்டின் உத்தரகாசி, டெஹ்ரி மாவட்டங்களின் எல்லைப் பகுதியில், ஏறத்தாழ 4,400 மீட்டர் உயரத்தில் சகஸ்திரதால் அமைந்துள்ளது. 2024-ஆம் ஆண்டு மே 29-ஆம் தேதி 22 பேர் கொண்ட குழு ஒன்று இந்த ஏரியை நோக்கிப் புறப்பட்டது. பெரும்பாலானோர் கர்நாடகத்தைச் சேர்ந்தவர்கள். மகாராஷ்டிரத்தைச் சேர்ந்த ஒருவரும் உள்ளூர் வழிகாட்டிகள் மூவரும் உடன் சென்றனர். ஜூன் 7-ஆம் தேதி திரும்புவது திட்டம்.

ஜூன் மாதத் தொடக்கத்தில், ஏரியைப் பார்த்துவிட்டு முகாமுக்குத் திரும்பும் வழியில், குழுவினர் கடும் பனிப்புயலில் சிக்கினர். திறந்த வெளியில் இரவைக் கழிக்க நேர்ந்த அவர்களில் 9 பேர் உயிரிழந்தனர். எஞ்சிய 13 பேரை இந்திய விமானப் படை ஹெலிகாப்டர்களும் மாநிலப் பேரிடர் மீட்புப் படையினரும் மீட்டனர். மீட்புப் பணிகளை ஒருங்கிணைக்கக் கர்நாடக வருவாய்த் துறை அமைச்சர் கிருஷ்ண பைரே கவுடா டேராடூன் சென்றார்.

குழுவினர் பாறையிலிருந்து விழவில்லை, பனிச்சரிவும் ஏற்படவில்லை. காற்று, பனிப்பொழிவு, நனைந்த உடை, களைப்பு ஆகியவை ஒரே நேரத்தில் சேர்ந்தன. முகாம் எட்டும் தூரத்தில் இல்லை. நடை சார்ந்த மலைப் பயணங்களில் உயிரிழப்புகள் பெரும்பாலும் இவ்வாறு சிறு சிறு காரணங்கள் ஒன்றுசேர்வதாலேயே நேர்கின்றன.

ஏரிகள் ஏன் அவ்வளவு உயரத்தில் உள்ளன?

இமயமலையின் உயர ஏரிகளில் பெரும்பாலானவை பனிப்பாறைகள் விட்டுச் சென்றவை. சிகரத்தின் கீழ் குவிந்த பனி பல்லாயிரம் ஆண்டுகள் தன் எடையாலேயே பாறையை அரைத்து, கிண்ணம் போன்ற பள்ளத்தைத் தோண்டுகிறது. காலநிலை வெப்பமடைந்து பனிப்பாறை பின்வாங்கியதும் அந்தப் பள்ளத்தில் உருகுநீர் தேங்குகிறது. மூன்று பக்கம் செங்குத்தான பாறைச் சுவரும், நான்காவது பக்கம் நீர் வழியும் குறுகிய விளிம்பும் கொண்ட ஏரிகள் இவ்வகையின.

இன்னொரு வகை, பனிப்பாறை தள்ளிக்கொண்டு வந்த கல்லும் மண்ணும் குவியலாக நின்று அணைபோல நீரைத் தடுப்பதால் உருவாவது. இந்த இயற்கை அணைகள் இறுகிய பாறையால் ஆனவை அல்ல. கனமழையிலோ, பனிக்கட்டியோ பாறையோ ஏரிக்குள் சரிந்து விழும்போதோ அவை உடையக்கூடும். கேதார்நாத்துக்கு மேலே, காந்தி சரோவர் என்றும் அழைக்கப்பட்ட சோராபாரி ஏரி பலரும் நடந்து சென்று பார்த்த இடமாக இருந்தது. 2013-ஆம் ஆண்டு ஜூன் 17-ஆம் தேதி காலை அதன் கரை உடைந்து, கேதார்நாத் பேரழிவின் காரணங்களுள் ஒன்றாயிற்று. 2023-ஆம் ஆண்டு அக்டோபரில் சிக்கிமின் தெற்கு லோனாக் ஏரி உடைந்ததில் சுங்தாங்கில் இருந்த தீஸ்தா–3 அணை அடித்துச் செல்லப்பட்டது. எல்லா உயர ஏரிகளும் இத்தகைய ஆபத்தில் இல்லை. எனினும் ஏரியிலிருந்து நீர் வெளியேறும் ஓடையின் கரையில் கூடாரம் அமைக்கக் கூடாது என்ற மலைவாழ் மக்களின் வழக்கத்துக்கு இத்தகைய அனுபவங்களே அடிப்படை.

இந்த நில அமைப்புக்கு நடைமுறை விளைவு ஒன்றும் உண்டு. கிண்ணத்தில் உள்ள ஏரியை அடைவதற்கு முன் செங்குத்தான படி போன்ற ஏற்றம் ஒன்று கட்டாயம் இருக்கும். ஒரு பள்ளத்தாக்கின் ஏரியிலிருந்து அடுத்த பள்ளத்தாக்கின் ஏரிக்குச் செல்ல, இடையில் உள்ள மலைமுதுகைக் கணவாய் வழியாகக் கடக்க வேண்டும். ஆகவே வரைபடத்தில் 5 அல்லது 6 கிலோமீட்டர் எனத் தெரியும் தொலைவு, நடப்பவருக்கு ஒரு முழு நாளாக மாறுகிறது.

காஷ்மீர்ப் பேரேரிகள் பாதை சொல்வது என்ன?

இதற்கு மிகத் தெளிவான எடுத்துக்காட்டு காஷ்மீர்ப் பேரேரிகள் பாதை. சோனமார்க்கில் தொடங்கி நாராநாகில் முடியும் இப்பாதை ஏறத்தாழ 70 கிலோமீட்டர் நீளமுடையது. பெரும்பாலான குழுக்கள் இதை 6 முதல் 8 நாள்களில் முடிக்கின்றன. ஜூலை முதல் செப்டம்பர் வரை இதற்கு ஏற்ற காலம். பருவமழை மேகங்களைப் பீர் பஞ்சால் மலைத்தொடர் பெருமளவு தடுத்துவிடுவதால், உத்தராகண்டில் கனமழை பெய்யும் மாதங்களிலும் இங்கு நடக்க முடிகிறது.

சோனமார்க் சுமார் 2,700 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கிருந்து பிர்ச் மரக் காடுகளையும் புல்வெளிகளையும் கடந்து நிச்னாய் கணவாய் ஏறினால், மறுபுறம் ஏறத்தாழ 3,700 மீட்டர் உயரத்தில் விஷன்சர் ஏரி உள்ளது. அதற்குச் சற்று மேலே கிஷன்சர். கிஷன்கங்கா ஆறு இப்பகுதியில்தான் பிறக்கிறது. அடுத்த நாள் பாதையின் மிக உயர்ந்த இடமான காட்சர் கணவாய் வருகிறது. அதன் உயரம் ஏறத்தாழ 4,200 மீட்டர். விஷன்சர் முகாமிலிருந்து அதுவரை சுமார் 500 மீட்டர் தொடர்ச்சியான ஏற்றம். கணவாயின் மறுபக்கத்தில் காட்சர் ஏரி. பின்னர் சிறு ஏரிகள் பல கொண்ட சத்சர். ஜஜிபல் கணவாயைக் கடந்தால் நந்த்கோல், கங்காபல் ஏரிகளும் அவற்றின் பின்னணியில் 5,142 மீட்டர் உயர ஹரமுக் சிகரமும் தென்படும். காஷ்மீரி பண்டிதர்களுக்குக் கங்காபல் புனிதத் தலம். நின்றுபோயிருந்த ஹரமுக்–கங்காபல் யாத்திரை 2009-இல் மீண்டும் தொடங்கியது.

இப்பாதையின் அமைப்பைக் கூர்ந்து கவனித்தால் ஓர் உண்மை புலப்படும். முதல் நாளில் உடல்நலம் குன்றினால் சோனமார்க்குக்கு இறங்கிவிடலாம். கடைசி முகாமில் குன்றினால் நாராநாகுக்கு இறங்கலாம். ஆனால் நடுவில், காட்சர் முகாமில் உள்ளவர் முன்னே சென்றாலும் பின்னே சென்றாலும் உயர்ந்த நிலம் ஒன்றைக் கடக்க வேண்டும். உயரத்தால் நோயுற்றவருக்குத் தேவையானது இறக்கம். அவருக்குக் கிடைப்பதோ முதலில் ஏற்றம். அனுபவமுள்ள வழிகாட்டிகள் விஷன்சரில் ஒரு நாள் ஓய்வு கொடுத்து, ஒவ்வொருவரின் நிலையையும் பார்த்த பிறகே காட்சர் கணவாய்க்கு அழைத்துச் செல்வது இதனால்தான்.

கட்டுப்பாட்டு எல்லைக் கோட்டுக்கு அருகில் உள்ள பகுதி என்பதால் வழியில் ராணுவச் சோதனை முகாம்கள் உள்ளன. அங்கு அடையாள அட்டையின் அசலைக் காட்ட வேண்டும். பாதுகாப்புச் சூழலைப் பொறுத்துப் பாதை மூடப்படுவதும் உண்டு. 2025 ஏப்ரல் 22-ஆம் தேதி பஹல்காமில் நடந்த பயங்கரவாதத் தாக்குதலுக்குப் பின் காஷ்மீரில் பல சுற்றுலா இடங்கள் மூடப்பட்டதை இங்கு நினைவில் கொள்ள வேண்டும்.

கடைசி நாள் இறக்கமும் எளிதன்று. கங்காபலிலிருந்து எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் கோயில் இடிபாடுகள் உள்ள நாராநாக் வரை, ஒரே நாளில் 1,300 மீட்டருக்கும் மேல் இறங்க வேண்டும். முழங்கால் வலியால் அவதிப்படுவோர் இந்த நாளில்தான் அதிகம்.

உயரம் உடலை என்ன செய்கிறது?

காற்றில் ஆக்சிஜனின் விகிதம் எங்கும் ஏறத்தாழ 21 சதவீதமே. உயரம் கூடக் கூடக் குறைவது காற்றழுத்தம். 3,500 மீட்டரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் சுமார் 65 சதவீதமாகவும், 4,200 மீட்டரில் சுமார் 60 சதவீதமாகவும், 5,500 மீட்டரில் பாதியாகவும் இருக்கும். ஒவ்வொரு மூச்சிலும் உடலுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் அதே அளவுக்குக் குறைகிறது. உடல் இதற்குத் தன்னைப் பழக்கிக்கொள்ளும். ஆனால் அதற்கு நாள்கள் வேண்டும்.

பழகுவதற்கு முன்பே மேலே சென்றால், பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல், மலை நோய் வரக்கூடும். தலைவலி, குமட்டல், பசியின்மை, களைப்பு, தூக்கமின்மை ஆகியவை முதல் அறிகுறிகள். உயரத்தை அடைந்த சில மணி நேரத்திலோ அன்றிரவோ இவை தோன்றும். வெயிலால் வந்த தலைவலி என்றோ, சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்றோ இவற்றை விளக்கிக்கொண்டு மேலே செல்வதுதான் பலர் செய்வது. உயரத்தில் தோன்றும் தலைவலி வேறு காரணம் உறுதியாகும் வரை மலை நோயே எனக் கொள்ள வேண்டும் என்பது மருத்துவர்களின் பொது விதி.

இந்நோய் முற்றினால் இரண்டு வடிவங்களில் உயிரைப் பறிக்கும். ஒன்று, நுரையீரலில் நீர் கோப்பது. ஓய்வில் இருக்கும்போதே மூச்சுத் திணறல், தொடர் இருமல், நுரையுடன் கூடிய சளி ஆகியவை இதன் அடையாளங்கள். மற்றொன்று, மூளை வீக்கம். நடை தள்ளாடும், பேச்சு குழறும், குழப்பமும் மயக்கமும் ஏற்படும். ஒரு காலின் குதிகாலை மறு காலின் விரல் நுனியில் வைத்து நேர்கோட்டில் நடக்கச் சொல்வது எளிய சோதனை. நடக்க முடியாதவரை உடனே கீழே கொண்டுசெல்ல வேண்டும். விடியும் வரை காத்திருப்பது ஆபத்தானது. ஆக்சிஜனும் மருந்தும் அவகாசம் தரும். ஆனால் சிகிச்சை என்பது இறக்கமே.

உடல் வலிமைக்கும் மலை நோய்க்கும் நேரடித் தொடர்பு இல்லை. தினமும் 10 கிலோமீட்டர் ஓடும் இளைஞருக்கும் இது வரலாம். அவருடன் மெதுவாக நடந்து வரும் நடுவயதுக்காரருக்கு வராமலும் போகலாம். வேகமாக ஏறும் திறன் உள்ளவர் அதிக உயரத்தை விரைவில் எட்டிவிடுவதால் அவருக்கே ஆபத்து கூடுவதும் உண்டு.

தடுக்கும் வழி எளிமையானது. 3,000 மீட்டருக்கு மேல், உறங்கும் இடத்தின் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது. மூன்று அல்லது நான்கு நாள்களுக்கு ஒருமுறை அதே உயரத்தில் ஒரு நாள் தங்க வேண்டும். அறிகுறி உள்ளவர் அது நீங்கும் வரை மேலே ஏறக் கூடாது. அசிட்டசோலமைடு என்ற மாத்திரை உடல் பழகுவதை விரைவுபடுத்தும். ஆனால் சல்ஃபா மருந்து ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இது ஏற்காமல் போகலாம் என்பதால், மருத்துவரைக் கேட்காமல் உட்கொள்ளக் கூடாது. மதுவும் தூக்க மாத்திரையும் மூச்சின் வேகத்தைக் குறைப்பவை என்பதால் அறவே தவிர்க்கப்பட வேண்டியவை.

சாலை வந்த ஏரியில் ஆபத்து குறைவா?

சந்திரதால் இந்தக் கேள்விக்கு விடையளிக்கிறது. இமாசலப் பிரதேசத்தின் லாஹௌல்–ஸ்பிதி மாவட்டத்தில் ஏறத்தாழ 4,250 மீட்டர் உயரத்தில் உள்ள இந்த ஏரி, 2005-ஆம் ஆண்டு முதல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றுள்ளது. முன்பு நடந்தே வந்த ஏரிக்கு இப்போது மிக அருகில் வரை வாகனங்கள் செல்கின்றன. ரோதாங் கணவாயின் கீழ் அடல் சுரங்கப்பாதை 2020 அக்டோபரில் திறக்கப்பட்ட பிறகு, மணாலியிலிருந்து லாஹௌலுக்குச் செல்லும் நேரம் வெகுவாகக் குறைந்துவிட்டது.

மணாலியின் உயரம் சுமார் 2,050 மீட்டர். காலையில் அங்கிருந்து காரில் புறப்படுபவர் மாலைக்குள் 2,000 மீட்டருக்கும் மேல் உயர்ந்து, சந்திரதால் முகாமில் உறங்குகிறார். நடந்து வருபவருக்கு நான்கைந்து நாள்கள் கிடைக்கும் அவகாசம் இவருக்கு ஒரு நாள்கூட இல்லை. சாலை களைப்பைக் குறைத்தது, உயரத்தைக் குறைக்கவில்லை.

வானிலையும் அவ்வாறே. 2023-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் கனமழையும் பனிப்பொழிவும் சாலையை அடைத்ததால், சந்திரதால் முகாம்களில் ஏறத்தாழ 300 பேர் சில நாள்கள் சிக்கிக்கொண்டனர். பனியை அகற்றிப் பாதை அமைத்த பிறகே அவர்கள் மீட்கப்பட்டனர். கோடைக்காலத்தின் நடுவில் இது நிகழ்ந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

குளிர் எவ்வாறு கொல்கிறது?

ஒவ்வோர் ஆயிரம் மீட்டருக்கும் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறைகிறது. கடல் மட்டத்தில் 32 டிகிரி நிலவும் நாளில், 4,200 மீட்டர் உயரத்தில் ஏறத்தாழ 5 டிகிரியே இருக்கும். இது காற்று வீசாத, மேகமற்ற பகல் நேரக் கணக்கு. காற்றும் மழையும் சேர்ந்தால் உடல் உணரும் குளிர் உறைநிலைக்கும் கீழே செல்லும்.

உடலின் உள்வெப்பம் 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்குவதே ஹைப்போதெர்மியா. தொடக்கத்தில் கடும் நடுக்கம் இருக்கும். பின்னர் விரல்கள் சொன்னபடி கேட்பதில்லை, காலணியின் கயிற்றைக் கட்ட முடியாது, நடை தடுமாறும், பேச்சு குழறும். வெப்பம் மேலும் குறையும்போது நடுக்கம் நின்றுவிடுகிறது. உடல் தேறிவிட்டதாக அருகில் இருப்பவர்கள் தவறாக எண்ணும் கட்டம் அது. உண்மையில் வெப்பத்தை உண்டாக்கும் சக்தியை உடல் இழந்துவிட்டது என்பதே அதன் பொருள். சிந்திக்கும் திறனும் குறைவதால், பாதிக்கப்பட்டவர் தமக்கு உதவி தேவை என்பதையே உணர்வதில்லை.

இதில் உடையின் பங்கு மிகப் பெரிது. பருத்தித் துணியும் ஜீன்ஸும் நனைந்தால் எளிதில் உலர்வதில்லை; உடலின் வெப்பத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். தோலை ஒட்டி விரைவில் உலரும் உடை, அதன் மேல் கம்பளி அல்லது அதற்கு இணையான உடை, எல்லாவற்றுக்கும் மேல் காற்றும் நீரும் புகாத மேலாடை என அடுக்குகளாக அணிவதே முறை. மழை தொடங்கிய பிறகு மழைக்கோட்டைத் தேடுவதைவிட மேகம் கறுக்கும்போதே அணிவது நல்லது. உறங்குவதற்கான ஒரு ஜோடி உலர்ந்த உடையைப் பிளாஸ்டிக் பையில் கட்டி, எந்நிலையிலும் பகலில் தொடாமல் வைத்திருப்பது அனுபவசாலிகள் கைக்கொள்ளும் வழக்கம்.

மலைகளில் காலை தெளிவாகவும் பிற்பகல் மேகமூட்டமாகவும் இருப்பது இயல்பு. ஆகவே விடியும் முன் புறப்பட்டு, நண்பகலுக்குள் கணவாயைக் கடந்து இறங்கத் தொடங்க வேண்டும். குறித்த நேரத்துக்குள் கணவாயையோ ஏரியையோ எட்டாவிட்டால், அது கண்ணுக்குத் தெரியும் தொலைவில் இருந்தாலும் திரும்பிவிட வேண்டும் என்ற விதியைப் புறப்படும் முன்பே குழு ஏற்றுக்கொண்டிருக்க வேண்டும்.

உதவி வர எவ்வளவு நேரம் ஆகும்?

பெரும்பாலான ஏரிப் பாதைகளில் கைபேசிச் சமிக்ஞை கிடைப்பதில்லை. பல நாடுகளில் மலையேறுவோர் செயற்கைக்கோள் தொலைபேசியையோ, அவசரச் செய்தி அனுப்பும் சிறு கருவியையோ எடுத்துச் செல்கின்றனர். இந்தியாவில் தொலைத்தொடர்புத் துறையின் அனுமதியின்றி இவற்றை வைத்திருப்பது சட்டவிரோதம். இத்தகைய கருவிகளுடன் வந்த வெளிநாட்டுப் பயணிகள் விமான நிலையங்களில் தடுத்து நிறுத்தப்பட்டதும் கைது செய்யப்பட்டதும் உண்டு. எனவே விபத்து நேர்ந்தால், குழுவில் ஒருவர் சமிக்ஞை கிடைக்கும் இடம் வரையிலோ, அருகில் உள்ள ராணுவ அல்லது காவல் முகாம் வரையிலோ நடந்து சென்று தகவல் சொல்வதே பெரும்பாலும் நடைமுறையாக உள்ளது. தகவல் சேர்வதற்கே ஒரு நாள் ஆகலாம்.

தகவல் சேர்ந்தாலும் ஹெலிகாப்டர் உடனே வரும் எனக் கொள்ள முடியாது. மெல்லிய காற்றில் ஹெலிகாப்டரின் தூக்கும் திறன் குறையும். குறைவான எண்ணிக்கையிலேயே ஆட்களை ஏற்ற முடியும். மேகமும் காற்றும் விலகும் வரை காத்திருக்க வேண்டும். உயிருக்கு ஆபத்தான வானிலை எதுவோ அதுவே ஹெலிகாப்டரையும் தடுக்கும் வானிலை. ஆகவே முதல் 24 மணி நேரம் குழு தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். அதற்கான கூடாரம், எரிபொருள், ஆக்சிஜன், நோயாளியைச் சுமக்கும் ஆட்கள், பயிற்சி பெற்ற வழிகாட்டி ஆகியவை குழுவுடனேயே இருக்க வேண்டும்.

முகாம்களுக்குத் தடை ஏன்?

உயர ஏரிகளுக்கும் மனிதரால் ஆபத்து உண்டு. உத்தராகண்டின் சமோலி மாவட்டத்தில் ஏறத்தாழ 5,000 மீட்டர் உயரத்தில் உள்ள ரூப்குண்ட், கரையில் கிடக்கும் மனித எலும்புகளால் உலகறிந்தது. ஐதராபாதின் உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையம் உள்ளிட்ட நிறுவனங்களின் ஆய்வாளர்கள் 38 பேரின் எலும்புகளிலிருந்து மரபணுக்களை ஆராய்ந்து 2019-இல் முடிவுகளை வெளியிட்டனர். அவர்களில் 23 பேர் தெற்காசிய வம்சாவளியினர். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்டவர்கள். 14 பேர் கிழக்கு மத்தியதரைக் கடல் பகுதி வம்சாவளியினர். சுமார் 200 ஆண்டுகளுக்கு முன் இறந்தவர்கள். ஒருவர் தென்கிழக்காசிய வம்சாவளியினர். ஒரே விபத்தில் அனைவரும் இறந்தனர் என்ற பழைய கருத்தை இது மாற்றியது. ஆனால் மலையேற வந்தவர்களில் சிலர் எலும்புகளை நினைவுப் பொருளாக எடுத்துச் சென்றதால், வரலாற்றுச் சான்றுகள் பல ஏற்கெனவே சிதைந்துவிட்டன.

ரூப்குண்ட் செல்லும் வழியில் பேத்னி, ஆலி ஆகிய புகழ்பெற்ற புல்வெளிகள் உள்ளன. உத்தராகண்டில் இவற்றை ‘புக்யால்’ என்பர். ஆண்டின் பெரும்பகுதி பனியின் கீழ் கிடக்கும் இந்நிலத்தில் புல் வளர்வதற்குச் சில மாதங்களே கிடைக்கின்றன. கூடாரங்களின் கீழும், சுமை விலங்குகளின் குளம்படியிலும் சிதையும் மேல்மண் மீண்டும் உருவாகப் பல ஆண்டுகள் ஆகும். குளிரில் கழிவுகள் மட்குவதும் மிக மெதுவாகவே நடக்கும். மழையில் அவை ஏரிக்கும் ஓடைக்கும் செல்லும்.

இது குறித்த பொதுநல வழக்கில் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் 2018 ஆகஸ்ட் மாதம் தீர்ப்பளித்தது. புல்வெளிகளில் இரவு தங்கத் தடை விதித்த நீதிமன்றம், நாளொன்றுக்கு 200 பேருக்கு மேல் அனுமதிக்கக் கூடாது என்றும், அங்குள்ள நிரந்தரக் கட்டுமானங்களை அகற்ற வேண்டும் என்றும் உத்தரவிட்டது. புல்வெளியில் முகாமிடாமல் ரூப்குண்ட் சென்று திரும்புவது நடைமுறையில் இயலாது என்பதால், நாட்டின் மிகப் புகழ்பெற்ற ஏரிப் பாதைகளுள் ஒன்று பெரும்பாலும் நின்றுபோனது.

இத்தீர்ப்பின் சுமை முதலில் விழுந்தது லோஹாஜங், வாண் போன்ற அடிவாரக் கிராமங்களின் மீது. வழிகாட்டிகள், சமையல்காரர்கள், கோவேறு கழுதை ஓட்டுபவர்கள் எனப் பலரின் வருவாய் அந்தச் சில மாத நடையையே நம்பியிருந்தது. ஒரு பாதை மூடப்பட்டால் கூட்டம் அடுத்த ஏரிக்கு நகர்கிறது. அங்கும் அதே சிக்கல் தொடங்குகிறது. எண்ணிக்கைக் கட்டுப்பாடு, முகாமிடும் இடத்தை மாற்றி மாற்றிப் பயன்படுத்துதல், கழிவைக் கீழே கொண்டுவருதல் ஆகியவற்றைச் சரியாகச் செயல்படுத்தினால் ஏரியையும் வாழ்வாதாரத்தையும் ஒருசேரக் காக்கலாம் என்பது மலை மாநிலங்களில் பரவலாக முன்வைக்கப்படும் கருத்து.

பயணிகள் செய்யக்கூடியவை சிலவும் உண்டு. கழிப்பிடத்தை நீரிலிருந்து குறைந்தது 60 மீட்டர் தள்ளி அமைக்க வேண்டும். ஏரியில் சோப்பு பயன்படுத்தக் கூடாது. தெளிந்து காணப்படும் நீரையும் காய்ச்சியே குடிக்க வேண்டும். மேலே மேயும் ஆடுகளின் கழிவு அதில் கலந்திருக்கலாம். 4,200 மீட்டரில் நீர் சுமார் 86 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்பதால், கொதித்த பின் மூன்று நிமிடங்கள் தொடர்ந்து காய்ச்ச வேண்டும்.

பணம் செலுத்தும் முன் கேட்க வேண்டியவை

உயர ஏரிப் பயணத்தை நடத்தும் நிறுவனங்களின் விளம்பரங்களில் ஏரியின் நிறமும் உணவுப் பட்டியலும் இடம்பெறும். பயணியின் உயிரோடு தொடர்புடைய தகவல்களைக் கேட்டுத்தான் பெற வேண்டும். அவற்றுள் முக்கியமானவை:

* ஒவ்வோர் இரவும் உறங்கும் இடத்தின் உயரம் என்ன? எந்த நாளில் அது 500 மீட்டருக்கு மேல் கூடுகிறது?

* வானிலைக்காகவும் உடல்நலத்துக்காகவும் கூடுதல் நாள் ஒதுக்கப்பட்டுள்ளதா? திரும்பும் ரயில், விமானப் பயணச்சீட்டு அதற்கு இடமளிக்கிறதா?

* ஒவ்வொரு முகாமிலிருந்தும் வாகனம் வரக்கூடிய சாலைக்கு எத்தனை மணி நேர நடை? அந்த வழியில் கணவாய் உள்ளதா?

* எத்தனை பேருக்கு ஒரு வழிகாட்டி? உத்தரகாசியின் நேரு மலையேற்றப் பயிற்சி நிறுவனம் போன்ற அமைப்புகளில் அவர் பயிற்சி பெற்றவரா?

* ஆக்சிஜன் உருளை குழுவுடன் வருமா, அடிவார முகாமிலேயே இருக்குமா?

* வனத்துறை அனுமதி பெறப்பட்டுள்ளதா? பயணிகளின் பெயர்ப் பட்டியல் மாவட்ட நிர்வாகத்திடமோ காவல் நிலையத்திடமோ உள்ளதா?

* மருத்துவக் காப்பீடு சாகசப் பயணத்துக்கும் ஹெலிகாப்டர் மீட்புக்கும் பொருந்துமா? பல காப்பீட்டுத் திட்டங்கள் இவற்றை விலக்கி வைத்துள்ளன.

* திரும்பிவிடலாம் என முடிவெடுக்கும் அதிகாரம் யாருக்கு? திரும்பினால் வழிகாட்டியின் ஊதியம் குறையுமா?

இவற்றுள் கடைசிக் கேள்வி சிறியதாகத் தோன்றினாலும் முக்கியமானது. கட்டணம் செலுத்தி, விடுப்பு எடுத்து, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பயணம் செய்து வந்தவர்கள் ஏரியைப் பார்க்காமல் திரும்ப விரும்புவதில்லை. அவர்களின் அதிருப்தி தம் பிழைப்பைப் பாதிக்கும் என்று வழிகாட்டி அஞ்சினால், திரும்ப வேண்டிய நேரம் கடந்துவிடும். மேகம் கறுக்கும் வேளையில் “இன்று இத்துடன் போதும்” என்று வழிகாட்டி தயக்கமின்றிச் சொல்லவும், குழுவினர் மறுப்பின்றி அதைக் கேட்கவும் ஏற்ற ஏற்பாடு அடிவாரத்திலேயே முடிந்திருக்க வேண்டும்.

வீட்டில் உள்ளவர்களிடம் பாதையின் பெயர், நடத்தும் நிறுவனத்தின் தொடர்பு எண், திரும்பும் தேதி ஆகியவற்றை எழுதிக் கொடுத்துவிட்டுச் செல்வது அவசியம். குறித்த நாளில் தகவல் வராவிட்டால் 112 என்ற அவசர உதவி எண் வழியாகவோ, அந்த மாவட்டத்தின் பேரிடர் கட்டுப்பாட்டு அறை வழியாகவோ தேடுதலைத் தொடங்க அந்தக் காகிதமே மீட்புக் குழுவினருக்கு முதல் துப்பாக அமையும்.